துரைக்குத் தகுந்த வார்த்தை

என் அக்காள் மாரக்காளின் புருஷர் வெள்ளியங்கிரி மாதிரிப் பேசிக் காட்டுவது சுலபம். ஒரு தரம் மூக்கை உறிஞ்ச வேண்டும். கண்ணைப் பாதி மூடிக்கொள்ள வேண்டும். அப்புறம், கிணற்றுச் சால் தளும்பித் தளும்பி மேலே வருகிற மாதிரி, அடிவயிற்றிலிருந்து ஒரு வார்த்தையை ஏற்ற வேண்டும்.

“மேக்... னா... னி... மஸ்!”

எங்கள் பக்கத்துக் கொடிக்கால்காரர்கள் இதைக் கேட்டால் தலையிலிருக்கும் வெற்றிலைக் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். அந்தக் கோடை வரைக்கும் சிரித்தார்கள்.

பரமத்தி வேலூருக்குக் கிழக்கே, காவிரியிலிருந்து பிரிந்து வரும் வாய்க்காலை ஒட்டி எங்கள் கொடிக்கால்கள் இருந்தன. கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். அகத்தியை நெருக்கமாக வளர்த்து அதன் மேல் கொடியை ஏற்றிக் கட்டுவோம். சித்திரை வெயிலிலும் உள்ளே நுழைந்தால் சில்லென்று இருக்கும். மற்றப் பயிர்கள் சில நாள் காய்ந்தாலும் மறுபடி தலையெடுக்கும். வெற்றிலை அப்படியில்லை, வேர்க்கால் காய்ந்தால் போயிற்று. மறுபடி நட்டு, கொடி ஏறி, இலை கிள்ளும் வரைக்கும் குடும்பம் எதைத் தின்னும்? வெள்ளியங்கிரி மச்சானுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. அவருக்குச் சொந்த நிலம் கிடையாது. வேலூர்ப் பண்ணைக்காரர் ஒருவரிடம் குத்தகைக்கு எடுத்த துண்டு அது. கொடி உயிரோடிருக்கிற வரைக்கும்தான் குத்தகை. கொடி செத்தால் நிலம் கரும்புக்குப் போய்விடும் என்று முதலிலேயே பேசியிருந்தார்கள்.

மச்சான் மூன்றாம் பாரம், அதாவது எட்டாம் வகுப்பு, வரைக்கும் படித்தவர். தகப்பனார் இறந்ததும் சிலேட்டு போய்க் கையில் மண்வெட்டி வந்துவிட்டது. ஆனால் இங்கிலீஷ் மேல் இருந்த ஆசை மட்டும் போகவில்லை. ஒரு தடவை சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு வெற்றிலை கொண்டு போனபோது, ஒரு மளிகைக் கடையில் செட்டியார் தடித்த புத்தகம் ஒன்றிலிருந்து தாள் கிழித்துப் பெருங்காயம் மடித்துக்கொண்டிருந்தார். மச்சான் எட்டிப் பார்த்தார். இங்கிலீஷ் வார்த்தை, பக்கத்தில் தமிழில் பொருள், அதற்கும் பக்கத்தில் அந்த வார்த்தையை எப்படிப் பிரயோகிப்பது என்று ஒரு வாக்கியம்.

“ஏனுங்க செட்டியாரே, அதைக் கிழிக்காதீங்க!”

“ஏன், உங்க பாட்டன் எழுதுனதா?”

“எம் பாட்டனுக்குக் கைநாட்டுங்க. அத எனக்குக் குடுங்க, வெத்தல தாரேன்.”

செட்டியார் வெற்றிலையை வாங்கிக்கொண்டு புத்தகத்தைத் தள்ளினார். ஏ, பி, சி மூன்று எழுத்தும் அதற்கு முன்பே பெருங்காயத்தோடு ஊர் ஊராகப் போய்விட்டிருந்தன. மச்சானின் இங்கிலீஷ் டி எழுத்தில்தான் தொடங்கும்.

அன்றிலிருந்து அவர் தண்ணீர் இறைப்பதே ஒரு வேடிக்கை. கொடிக்கால் நடுவே ஓடும் சிறு கால்வாயில் இறங்கி நின்று, மட்டையால் இரண்டு பக்கமும் நீரை வாரி அடிக்க வேண்டும். இடது பக்கம் அடிக்கும்போது வார்த்தை, வலது பக்கம் அடிக்கும்போது பொருள்.

“டிலைட்... ஆனந்தம். டெலூஜ்... பெருவெள்ளம். டெலூஜ்... பெருவெள்ளம்.”

“ஏனுங்க, நீங்க வெள்ளம் வெள்ளம்னு சொல்லிக்கிட்டே நில்லுங்க. அங்க வரப்பு ஒடஞ்சு நம்ம தண்ணி பக்கத்துக் கொடிக்காலுக்குப் போவுது” என்பாள் அக்காள்.

புத்தகத்தில் பொருள் வரைக்கும்தான் படிப்பார். மூன்றாவதாக இருந்த பிரயோக வாக்கியத்தைத் தொடமாட்டார். ஏன் என்று கேட்டதற்கு, “பொருள் தெரிஞ்சா பத்தாதா மாப்பிள்ளை? எங்க வெக்கறதுன்னு நமக்குத் தெரியாதா?” என்றார்.

எங்கே வைப்பது என்பதற்கு அவரே ஒரு விதி கண்டுபிடித்து வைத்திருந்தார். வெற்றிலையை அடுக்கி வாழைநாரால் கட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அதை எனக்குச் சொன்னார். புத்தகத்தில் ஒரே பொருளுக்கு மூன்று நாலு வார்த்தை இருப்பதைப் பார்த்து நான்தான் கேட்டேன்:

“சாவு ஒண்ணுதானே மச்சான். அதுக்கு எதுக்கு இத்தன வார்த்தை?”

“நம்மூர்ல மட்டும் ஒண்ணா இருக்குது? நாய் செத்துப் போச்சுன்னு சொல்லுவோம். பண்ணைக்காரரு அப்பன் செத்துப் போச்சுன்னு சொல்லுவியா? காலமாயிட்டாருங்கன்னுதானே சொல்லுவே? அதே கணக்குத்தான். ‘டை’ன்னா நாய்க்கு. ‘டிமைஸ்’னா நம்மளாட்ட ஆளுக்கு. ‘எக்ஸ்பயர்’னா பெரிய மனுசனுக்கு. வார்த்தை நீள நீள மரியாதை கூடும்.”

“யாரு சொன்னது?”

“யாரு சொல்லோணும்? நாமக்கல் கோர்ட்டுக்கு முன்னால மனு எழுதறவரைப் பாரு. தாசில்தாருக்கு எழுதுனா மேல ரெண்டு வரி கும்பிடு. கலெக்டருக்குன்னா அஞ்சு வரி கும்பிடு. ஒவ்வொரு வார்த்தையும் வண்டி நீளம். அவரு என்ன பைத்தியமா?”

எங்களுக்கு அது சரியென்றே பட்டது. இங்கே ‘ங்க’ சேர்க்காமல் யாரும் வாய் திறப்பதில்லை. தொட்டில் பிள்ளையைக் கூட ‘வாங்க சாமி, பாலு குடிங்க’ என்றுதான் தூக்குகிறோம். மரியாதைக்கு வார்த்தையை நீட்டுகிற வழக்கம் எங்களுக்கு இருக்கும்போது வெள்ளைக்காரனுக்கு இருக்காதா?

மேட்டூர் அணை கட்டி முடிந்த பிறகு வந்த கோடைகளில் ஒன்று அது. சித்திரையில் வாய்க்காலை அடைத்து, தளத்தையும் சுவரையும் புதிதாகக் கட்டப்போவதாகத் தண்டோரா போட்டார்கள். ஆடியில்தான் மறுபடி தண்ணீர். வாய்க்காலில் நீர் நின்றால் எங்கள் கிணறுகளிலும் ஊற்று நின்றுவிடும். கொடிக்கால்காரர்கள் கூடினார்கள். எல்லாருக்கும் மூத்தவர் கைலாசக் கவுண்டர்.

“வாரத்துக்கு ஒருக்கா நனைக்கத் தண்ணி உட்டாப் போதும், கொடி தாக்குப் பிடிச்சுக்கும்” என்றார். “வாய்க்கால் இஞ்சினீரு துரை அடுத்த வாரம் வேலூர் பங்களாவுல தங்கறாராம். புதுத் துரை, தமிழ் தெரியாது. யாரு பேசறது?”

“துரை ஆபீசு கிளார்க் இருக்கறாரே?”

“அவன் வேண்டாம்! போன வருசம் நாம அரைநாழி நின்னு அழுதோம். அவன் திரும்பித் துரைகிட்ட ரெண்டே வார்த்தை. ரெண்டு! நம்ம அழுகையில பாக்கி எங்க போச்சு?”

“ஜோப்புல போட்டுக்கிட்டானுங்க” என்றேன் நான். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த இரண்டு வார்த்தைக்குத்தான் போன வருஷம் வாய்க்காலைப் பத்து நாள் தள்ளி அடைத்தார்கள். அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. செல்லமுத்து என்று ஓர் ஆள், எப்போதும் பிடிவாதக்காரர், எழுந்தார்.

“துரை என்ன சொல்வாரோ. இப்பவே எல்லாரும் கூடி ஆத்து மணல்ல ஊத்துத் தோண்டிக் கால்வாய் இழுத்துப்புடலாமுங்க. தண்ணி இருக்கறப்பவே பண்ணுனாத்தான் ஆகும்.”

“மொதல்ல துரையப் பாத்துப்போட்டு வருவோம். நம்மகிட்டயே நேரா இங்கிலீஷ் பேசற ஆளு இருக்கும்போது என்ன பயம்?” என்று கைலாசக் கவுண்டர் மச்சானின் தோளைத் தொட்டார்.

அந்தத் தோள் ஒரு வாரம் இறங்கவே இல்லை. மச்சான் எழுந்தாலும் உட்கார்ந்தாலும் வார்த்தை பொறுக்கிக்கொண்டிருந்தார். ‘லீஃப்’ என்ற வார்த்தை அவருக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். அதைத் தள்ளினார். ‘வாட்டர்’ தெரியும். அதையும் தள்ளினார்.

“சுருக்கமாச் சொல்லிப்போட்டு வாங்க. வெயில் நேரம், அந்த மனுசனுக்கும் பசிக்கும்” என்றாள் அக்காள்.

“துரைகிட்ட சுருக்கமா? நானென்ன வாசல்ல நிக்கற பிச்சக்காரனா?”

கிளார்க் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து பங்களாவுக்குப் போனோம். கைலாசக் கவுண்டர் கையில் மாலையும் எலுமிச்சம்பழமும். என் கையில் பூவன் சீப்பும் வெற்றிலைக் கட்டும். பெரிய உத்தியோகஸ்தரை வெறுங்கையோடு பார்ப்பது எங்கள் வழக்கமில்லை. துரை சின்ன வயசு. முகம் வெயிலில் தக்காளியாகப் பழுத்திருந்தது. பிரம்பு நாற்காலியிலிருந்து எழுந்து நின்று சிரித்தார்.

“எஸ்? வாட் டு யு வான்ட்?”

என்ன வேண்டும் என்று கேட்கிறார். அது எனக்கே புரிந்தது. மச்சான் மேல்துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார். மூக்கை உறிஞ்சினார். கண்ணைப் பாதி மூடினார்.

“மேக்னானிமஸ் பெர்சனேஜ்! வி இம்ப்ளோர் யுவர் மியூனிஃபிசன்ஸ்! அவர் வெர்டன்ட் ஃபோலியேஜ் வில் எக்ஸ்பயர்! ரெண்டர் எலிக்ஸர்! ரெண்டர் எலிக்ஸர்!”

இப்படியே இன்னும் நிறைய. பொருளை வழியில் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்திருந்தார். பெருந்தன்மையுள்ள மகானே, உமது தயாளத்தை இறைஞ்சுகிறோம். எங்கள் பசுமையான இலைகள் காலமாகிவிடும். அமுதம் அருள்க. அதில் தண்ணீர் இல்லை. வாய்க்கால் இல்லை. அவற்றைப் பெயர் சொல்லி அழைப்பது துரைக்கு முன்னால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி என்று அவர் நினைத்தார். ஒவ்வொரு வார்த்தையையும் தனித்தனியாக, கண்ணாடிச் சாமானை இறக்கி வைக்கிற மாதிரி வைத்தார். ஒன்று கூடத் தடுக்கவில்லை. அவர் இவ்வளவு அழகாகப் பேசி நான் கேட்டதே கிடையாது.

துரை கடைசி வரைக்கும் கேட்டார். மாலைக்குத் தலையைக் குனிந்து கொடுத்தார். “தேங்க் யூ! தேங்க் யூ வெரி மச்!” என்று மச்சானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பட்லர் எங்களை வெளிக்கதவு வரைக்கும் கொண்டுவந்து விட்டான்.

“என்னாச்சு சாமி?” என்றார் கைலாசக் கவுண்டர்.

“ரொம்ப சந்தோசம்னாருங்க. கைய வேற குடுத்தாரு, பாத்தீங்கல்ல?”

“அப்ப தண்ணி?”

“மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லலையேங்க. ‘நோ’ங்கறது ஒரே எழுத்து. அது எனக்குத் தெரியாதா?”

வழியெல்லாம் நான் துரை மாதிரி, “தேங்க் யூ வெரி மச்” என்று எருமைகளுக்குக் கை கொடுத்துக்கொண்டு வந்தேன். ஊரே சிரித்தது. செல்லமுத்து சொன்ன ஊற்றுப் பேச்சு அன்றோடு நின்றது. துரை சம்மதித்துவிட்ட தைரியத்தில் கைலாசக் கவுண்டர் புதிதாக ஒரு பாத்தி கொடி கூட நட்டார்.

வாய்க்காலை அடைத்தார்கள். முதல் வாரம் ஆவலாக மதகைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. ‘துரை உத்தரவு கீழ வந்து சேர நாளாகுமுங்க’ என்றார் மச்சான். இரண்டாவது வாரம் இலை ஓரத்தில் மஞ்சள் ஏறியது. அக்காள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு நடந்தாள். ஆறு ஒரு மைலுக்கு அப்பால், மணலுக்கு நடுவே. ஒரு குடம் தண்ணீர் நாலு கொடிக்குக் காணாது. செல்லமுத்து தனியாக ஊற்றுத் தோண்டிப் பார்த்தார். நீர் அதற்குள் கீழே போய்விட்டிருந்தது. கை நீளம் தோண்டினால் கிடைத்தது இப்போது ஆள் உயரம் தோண்டியும் கிடைக்கவில்லை. தோண்டத் தோண்ட மணல் சரிந்தது.

“துரை ஒத்துக்கிட்டாருன்னு நல்லாத் தெரியுமா?” என்று ஆட்கள் மச்சானைக் கேட்க ஆரம்பித்தார்கள்.

“கைய குடுத்தாருங்களே” என்றார் அவர். ஒவ்வொரு நாளும் அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டு வந்தது.

துரை வாய்க்கால் வேலையைப் பார்க்க எங்கள் மதகுக்கே வந்த அன்று கொடிக்காலுக்குள் இலை தானாகக் கொட்டிக்கொண்டிருந்தது. மச்சான் ஒரு கொடியை வேரோடு பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டு ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம். கூலியாட்கள் கடப்பாரையால் வாய்க்கால் தளத்தைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். துரை ஒரு பலகை மேல் நின்றிருந்தார். மச்சானைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து சிரித்தார், தொப்பியைத் தொட்டார்.

மச்சானுக்கு மூச்சு வாங்கியது. பெரிய வார்த்தை எதற்கும் அதில் இடமில்லை. கொடியை நீட்டினார். கையிலேயே இலை நொறுங்கியது.

“சார். நோ வாட்டர். லீஃப் டை. ஆல் டை.”

மூன்றாம் பாரத்துப் பையன் சொல்கிற வார்த்தைகள். நாய்க்குச் சொல்கிற சாவு. சொல்லிவிட்டுக் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டார்.

துரைக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் முகத்திலிருந்த சிரிப்பு போனதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். கொடியைக் கையில் வாங்கிப் பார்த்தார். பலகையிலிருந்து இறங்கினார். மெதுவாக, சின்னச் சின்ன வார்த்தையாக, மச்சானின் முகத்தைப் பார்த்துப் பேசினார். பெயர்த்த தளத்தைக் காட்டினார். கையை விரித்தார். மச்சான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். இந்தத் தடவை அவருக்குப் புரியாத வார்த்தை ஒன்றும் இல்லை.

“என்ன சாமி சொல்றாரு?” என்றார் கைலாசக் கவுண்டர்.

எங்களில் வேறு யாருக்கும் அந்த அளவு இங்கிலீஷ் தெரியாது. துரை முடியாது என்கிறார் என்று மச்சான் ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். கெட்ட பெயர் துரையோடு போயிருக்கும். அவர் திரும்பினார். எங்களைப் பார்த்து, கண்ணை நன்றாகத் திறந்தபடியே சொன்னார்:

“அன்னைக்கு நாம போனது வரவேற்புப் பத்திரம் வாசிக்கன்னு நெனச்சாராம். அதுக்குத்தான் தேங்க் யூ சொன்னாராம். தண்ணி வேணும்னு அப்பவே சொல்லியிருந்தா, ஒரு பக்கமா அணை போட்டு வாரத்துக்கு ஒருக்கா உட்டிருப்பாராம். அது சின்ன வேலைதானாம். இப்பத் தளத்தையெல்லாம் பேத்தாச்சு. இனி உட்டா மண்ணெல்லாம் கரஞ்சு போயிருமாம். அவரு நெனச்சாலும் முடியாதாம். ஏன் அப்பவே சொல்லலைன்னு கேக்கறாரு.”

கைலாசக் கவுண்டர் வாய்க்கால் கரையில் அப்படியே உட்கார்ந்தார். யாராவது ஒருவர் மச்சானை அடித்திருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும். “சரி, வாங்க, போலாமுங்க” என்று செல்லமுத்து சொன்னார். அவர் மச்சானை அதுவரை, பழகின உரிமையில், வாடா போடா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அக்காளிடம் நான்தான் சொன்னேன். அவள் ஆற்றிலிருந்து கொண்டுவந்த குடத்தை இறக்காமலே மச்சானைக் கேட்டாள்.

“என்னன்னு சொன்னீங்க இன்னைக்கு?”

மச்சான் சுவரைப் பார்த்துச் சொன்னார். “நோ வாட்டர். லீஃப் டை.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அக்காள் குடத்தை இறக்கி வைத்தாள். “இதை நானே சொல்லியிருப்பனேங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வருஷக்கணக்காக அவர் வாயால் கேட்டுக் கேட்டு அவளுக்கும் அந்த வார்த்தைகள் தெரியும். அதைத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. அவர் சாப்பிடாமல் எழுந்து போனார்.

வைகாசி முடிவதற்குள் கொடி முழுக்கக் கயிறாகிவிட்டது. மச்சானும் அக்காளும் அதை இழுத்து இழுத்துக் குவித்தார்கள். அகத்தியை வெட்டி ஆட்டுக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். நிழல் போன பிறகு அந்தத் துண்டு எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. பண்ணைக்காரர் ஆள் அனுப்பி, பேசினபடி நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை. கைலாசக் கவுண்டர் தன் தோட்டத்தில் கூலிக்கு இருக்கச் சொன்னார். அவருடைய புதுப் பாத்தியும் செத்துத்தான் கிடந்தது. மச்சான் அந்தப் பாத்தியைப் பார்த்துவிட்டு, “வேண்டாமுங்க” என்றார்.

ஆனியில் இருவரும் சேலத்துக்குப் போனார்கள். செவ்வாய்ப்பேட்டையில் வெற்றிலை மண்டி ஒன்றில் அவருக்குக் கூடை தூக்குகிற வேலை. அக்காள் பக்கத்துச் சந்தில் மிளகாய் காம்பு கிள்ளப் போகிறாள்.

ஆடியில் நான் போய்ப் பார்த்தேன். மண்டியில் இங்கிலீஷ் பேசுகிற கமிஷன்காரர் ஒருவர் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். பதில் தெரியாமல் கணக்குப்பிள்ளை முழித்தார். மச்சான் பக்கத்திலேயே நின்றிருந்தார். காதில் விழாத மாதிரி கூடையின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். கமிஷன்காரர் போன பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“வா மாப்பிள்ளை. எல்லாரும் நல்லா இருக்கறாங்களா?”

“இருக்கறாங்க மச்சான். வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சு.”

“எவ்வளவு?”

“கரை முட்டப் போவுது.”

“செரி” என்றார். “இந்தக் கூடையக் கொஞ்சம் தூக்கி உடு.”

நான் தூக்கிவிட்டேன். யாரோ ஒருவருடைய வெற்றிலை. மேலே போட்டிருந்த ஈரச்சாக்கிலிருந்து நீர் சொட்டி அவர் கழுத்தில் இறங்கியது. அதைத் துடைக்கக் கை ஒழியாமல் அவர் சந்தைப் பார்த்து நடந்தார்.